பெற்றவளின் இரத்தம் பிள்ளைக்குப் பொருந்துமா?

உழவு இயந்திரத்தில் அடிபட்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம். இரத்தம் ஏற்ற வேண்டும் என்கிறார் டாக்குத்தர். "என்ர இரத்தத்தை எடுங்கோ ஐயா, நான் பெத்த பிள்ளையெல்லே" என்று தாய் கையை நீட்டுகிறாள். அது பொருந்தாது என்றால் அவளுக்கு விளங்குவதில்லை. நாமும் திகைத்து நிற்கிறோம். இதன் காரணத்தை அறிந்துகொள்வோம்.

நான்கு வகைகள்

மனித இரத்தம் எல்லாம் ஒரே வகையல்ல என்பதை 1901ஆம் ஆண்டில் வியன்னா நகரில் கார்ல் லான்ட்ஸ்டெய்னர் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். எமது செங்குருதிக் கலங்களின் மேற்பரப்பில் ஏ, பி என்னும் இரு பொருட்கள் இருக்கலாம். ஏ மட்டும் இருந்தால் ஏ வகை. பி மட்டும் இருந்தால் பி. இரண்டும் இருந்தால் ஏபி. இரண்டும் இல்லாவிட்டால் ஓ.

எம்மிடம் இல்லாத பொருளை எதிர்க்கும் சக்தி எமது இரத்தத்தில் இயல்பாகவே உண்டு. பொருந்தாத இரத்தத்தை ஏற்றினால் அது புதிய கலங்களை உடைத்துவிடும். சிறுநீரகம் பழுதடையும், உயிரும் போகலாம்.

யார் யாரிடம் பெறலாம்?

1. ஓ வகையினர்: ஓ மட்டும்.
2. ஏ வகையினர்: ஏ, ஓ.
3. பி வகையினர்: பி, ஓ.
4. ஏபி வகையினர்: நான்கும்.

தாய் ஏ, தகப்பன் பி என்றால் பிள்ளை ஓ வகையாகவும் பிறக்கலாம். ஓ வகைக்குரிய தன்மை பெற்றோர் இருவரிடமும் மறைந்திருப்பதே காரணம். இதில் எவரையும் சந்தேகிக்க இடமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் இருவருமே இரத்தம் கொடுக்க முடியாது. முன்பின் அறியாத ஓ வகைக்காரர் ஒருவர் கொடுக்கலாம்.

பொசிற்றிவ், நெகற்றிவ்

றீசஸ் என்னும் இன்னொரு பொருளும் உண்டு. அது இருந்தால் பொசிற்றிவ், இல்லாவிட்டால் நெகற்றிவ். நெகற்றிவ் உள்ளவருக்கு நெகற்றிவ் இரத்தமே ஏற்றப்பட வேண்டும்.

நெகற்றிவ் தாய்க்குப் பொசிற்றிவ் பிள்ளை பிறந்தால், 72 மணித்தியாலங்களுக்குள் தாய்க்கு அன்ரி-டி ஊசி போட வேண்டும். தவறினால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து நேரலாம். கரு கலைந்தாலும் உடனே டாக்குத்தரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளின் இரத்த வகை கிளினிக்கில் பார்க்கப்படுகிறது. இடம் மாறும்போது அந்தப் பதிவட்டையை மறக்காமல் எடுத்துச் செல்வோம்.

நாம் செய்யக்கூடியது

வீட்டில் ஒவ்வொருவரின் இரத்த வகையையும் அறிந்து, அடையாள அட்டையுடன் எழுதி வைப்போம். ஆயினும் அந்தக் கடதாசியை மட்டும் நம்பி ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றமாட்டார்கள். நோயாளியின் இரத்தத்தையும் கொடுப்பவரின் இரத்தத்தையும் சேர்த்துச் சோதித்தே ஏற்றுவார்கள். அவசரத்தில் அந்தத் தாமதத்தைக் கண்டு கோபப்பட வேண்டாம்.

18 வயதுக்கு மேற்பட்ட, 50 கிலோ நிறையுள்ள சுகதேகிகள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை இரத்ததானம் செய்யலாம். எடுப்பது ஏறத்தாழ 450 மில்லி லீற்றர். வளர்ந்தவர் உடலில் சுமார் ஐந்து லீற்றர் இருக்கிறது. வந்த நோய்களையும் குடிக்கும் மருந்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சொந்தபந்தம் அருகில் இல்லாத இடத்தில் வாழும் எமக்கு இது பெரிய ஆறுதல். அந்தத் தாயின் ஏ வகை இரத்தம் இரத்த வங்கியில் இருந்தால் வேறொருத்தியின் பிள்ளை பிழைக்கும். இவளுடைய பிள்ளைக்கான இரத்தத்தையும் யாரோ ஒருவர் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கலந்துரையாட:

1. எமது வீட்டில் எத்தனை பேருக்குத் தமது இரத்த வகை தெரியும்?
2. ஏபி வகைத் தகப்பன் ஏ வகைப் பிள்ளைக்கு இரத்தம் கொடுக்கலாமா? ஏன்?