படிவத்தில் ஒரு கேள்வி



இம்மாதப் பாடத்திற்கு நான் எடுத்துக்கொள்வது ஒரு விண்ணப்பப் படிவம். வெளிநாட்டுப் பயணத்திற்கான இன்ஷூரன்ஸ் படிவம். உங்களுக்கு ஏற்கெனவே ஏதேனும் வியாதி இருந்ததா, சிகிச்சை பெற்றதுண்டா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு சிறு கட்டங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்து, இனி ஆறு மாதத்திற்கு ஒருமுறை வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியவர்கள், அந்தக் கட்டங்களுக்கு முன்னால் பேனாவோடு திகைத்து உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நம் பாட்டன்மார் காலத்தில் இப்படி ஒரு சங்கடம் எழ வழியில்லை. இந்த நோய் நம் நாட்டுக்குப் புதிதல்ல. நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணிசெய்த டாக்டர் ஓர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோயைக் குறித்து 1933-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் மலையேறச் சென்ற டாக்டர் சாமர்வெல் அவருடைய உடன் ஊழியர். அந்நாட்களில் இந்நோயாளிகளில் பலர் ஆஸ்பத்திரிக்கு வந்ததே காலம் கடந்துதான். திருவனந்தபுரத்தில் 1981-ல் மண்டலப் புற்றுநோய் மையம் ஏற்பட்ட பின்பு, நம் மாவட்டத்தார் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்ச் சிகிச்சை பெற்றுத் திரும்புவது வழக்கமாயிற்று. இன்று அநேகர் சுகமடைந்து நடமாடுகிறார்கள். மகள் ஜெர்மனியில் நர்ஸ், மகன் மஸ்கட்டில், பேரப்பிள்ளை கனடாவில். போய்ப் பார்க்க ஆசை வருகிறது. ஆசையோடு படிவமும் வருகிறது.

'இல்லை' என்று போட்ட ஒரு குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இதில் என் பிழையும் உண்டு. கடற்கரைக் கிராமத்துப் பெரியவர் ஒருவருக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்திருந்தது. நோயின் பெயரை அவரிடம் வீட்டார் சொல்லவேயில்லை. "தொண்டையில புண்ணு, ஆறிப்போச்சு" என்றே அவருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். வளைகுடாவிலிருந்த மகனைப் பார்க்கப் புறப்பட்டபோது, படிவத்தை நிரப்பிய மருமகன் என்னிடம் கேட்டார்: "ஐயா, உள்ளதை எழுதினா பாலிசி தரமாட்டானாம். எழுதாண்டாம்ணு ஏஜெண்டு சொல்லுகான். என்ன செய்யட்டும்?" நான், "உங்கள் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டேன். அங்கே போன மூன்றாம் வாரம் பெரியவருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கழுத்துத் தோலில் இருந்த கதிர்வீச்சின் அடையாளத்தைக் கண்ட டாக்டர் விசாரித்துக் குறிப்பில் எழுதினார். கம்பெனி அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் பணம் தர மறுத்தது. ஊரில் தென்னந்தோப்பை விற்றுத்தான் பில்லைக் கட்டினார்கள். தமக்கு வந்தது என்ன வியாதி என்று பெரியவர் அறிந்ததும் அந்த அந்நிய ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான்.

பயணத்தில் பயந்து பாதி உண்மை சொன்னவர் நம் பிதாவாகிய ஆபிரகாம். எகிப்துக்குப் போகையில் சாராளைச் சகோதரி என்றார். அது முழுப் பொய்யும் அல்ல. தகப்பன் வழியில் அவள் சகோதரியே. கேராரிலும் அதையே சொன்னார். இரண்டு இடத்திலும் அவரைக் கூப்பிட்டு, ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டவர் விசுவாசி அல்ல, அந்நிய ராஜா. நம் படிவங்களில் எழுதப்படும் 'தொண்டைப்புண்', 'கட்டி', 'சின்ன ஆபரேஷன்' எல்லாம் இந்த வகையைச் சேர்ந்த வார்த்தைகள்தான்.

இனிக் காரியத்திற்கு வருவோம். உண்மையை எழுதினால் பாலிசியே கிடைக்காது என்பது பலருடைய எண்ணம். சில கம்பெனிகள் மறுக்கும், அது மெய்தான். ஆனால் பல கம்பெனிகள், ஏற்கெனவே உள்ள வியாதியையும் அதனால் வரும் உபாதைகளையும் நீக்கிவிட்டு, மற்றவற்றுக்குப் பாலிசி தரும். சில, உயிருக்கு ஆபத்தான அவசரத்திற்கு மட்டும் ஒரு வரம்புக்குள் அந்த வியாதிக்கும் கொடுக்கும். சில கூடுதல் பிரீமியம் கேட்கும். புற்றுநோயை நீக்கிய பாலிசி வெறும் காகிதம் அல்ல. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், உணவு ஒவ்வாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தால், அது உதவும். உண்மையை மறைத்து எடுத்த பாலிசியோ, எலும்பு முறிவுக்குக்கூட மறுக்க இடம் கொடுக்கும். இன்ஷூரன்ஸ் ஒப்பந்தம் இரு தரப்பின் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. முக்கியமான ஒன்றை மறைத்தால் அஸ்திபாரமே போயிற்று.

"மூணு வருஷம் ஆனா கேள்வி கேட்க முடியாதே ஐயா" என்று சிலர் சட்டம் பேசுவார்கள். அது 1938-ம் வருட இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-ம் பிரிவு; ஆயுள் இன்ஷூரன்ஸுக்கு மட்டுமே உரியது. மருத்துவப் பாலிசிகளில் 2024 முதல், தொடர்ந்து 60 மாதம் கட்டியபின் மறைத்ததாகச் சொல்லி மறுக்கலாகாது என்ற விதி உண்டு. அதிலும் மோசடிக்கு விலக்கில்லை. ஒரு மாதப் பயணப் பாலிசிக்கு இவை எதனாலும் பிரயோஜனம் இல்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை நம்பி விமானம் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் செல்லாது.

இன்ஷூரன்ஸே வேண்டாம் என்று போகலாமா? ஷெங்கன் ஒப்பந்தத்தில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளின் குறுகிய கால விசாவிற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான பாலிசி கட்டாயம். கனடாவில் பிள்ளைகளோடு நீண்டநாள் தங்கப் பெற்றோருக்குத் தரும் சூப்பர் விசாவிற்கு, ஒரு வருடத்திற்கு 1,00,000 கனடா டாலர் பாலிசி காட்ட வேண்டும். கனடாப் பாலிசிகளில் நம்மவர்கள் இடறுகிற இடம் ஒன்று உண்டு. புறப்படுமுன் இத்தனை நாள் நோய் நிலையாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வரும். மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டினால் மட்டுமல்ல, குறைத்தாலும் அது 'மாற்றம்' என்றே எண்ணப்படலாம். சுகம் கூடியதால் குறைத்தார் என்று நாம் சந்தோஷப்படுவோம்; கம்பெனி நாள் எண்ணும்.

இந்த மாத்திரை விஷயத்தைக் கல்குளம் தாலுகாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்து, தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவ்வகை மாத்திரைகளை ஐந்து வருடமும் அதற்கு மேலும் கொடுப்பதுண்டு. ஜெர்மனியில் மகளுக்குப் பிரசவம். படிவத்தைக் கொண்டுவந்து, "ஐயா, மாத்திரை சாப்பிடுகேன். அப்போ சிகிச்சை முடிஞ்சுதா, இல்லியா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் போனோம். ஆபரேஷன் தேதி, கதிர்வீச்சு முடிந்த தேதி, மாத்திரை தொடர்கிறது, மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள் என்றார். அந்த மாத்திரையால் இரத்தம் கட்டும் அபாயம் சற்று உண்டு என்றும், நீண்ட விமானப் பயணத்தில் அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும் என்றும் சொன்னார். படிவம் அவரை அந்த அறைக்குள் கொண்டுபோகாதிருந்தால் இதை யார் சொல்லியிருப்பார்கள்?

முதல் கம்பெனி மறுத்தது. இரண்டாவது, புற்றுநோயை நீக்கி, பிரீமியம் சற்றுக் கூட்டித் தந்தது. டீச்சர் ஐந்து வாரம் இருந்துவிட்டு வந்தார். அங்கே ஒன்றும் நேரிடவில்லை. குளிர் மட்டும் தாங்கவில்லையாம்.

பிரிட்டனில் 2021 முதல், நோயின் நிமித்தம் பயணப் பாலிசி மறுக்கும் கம்பெனி, இப்படிப்பட்டவர்களை ஏற்கும் கம்பெனிகளின் பட்டியலைக் காட்டியாக வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். அங்குள்ள நம் பிள்ளைகள் அதைக் கேட்டுப் பெறலாம். இங்கே நாமாகத்தான் நாலு கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. இது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும், உள்ளதைச் சொல்லி எடுத்த பாலிசியில் பணம் மறுக்கப்பட்டால் வழியுண்டு. முதலில் கம்பெனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலும், வந்த பதில் திருப்தி இல்லையென்றாலும், ஒரு வருடத்திற்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகளை அவர் விசாரிப்பார்.

பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும்போது பாலிசி கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. முடிவு வந்தபின் கேளுங்கள். டாக்டர் போகவேண்டாம் என்று சொல்லியும் போனால் எந்தப் பாலிசியும் உதவாது. மார்ஃபின், ட்ராமடால் போன்ற வலி மருந்துகளை ஐக்கிய அரபு நாடுகளுக்குக் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும்.

வீட்டில் நோயின் பெயரை மறைத்து வைத்திருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். படிவத்தில் கையெழுத்திடப்போவது நோயாளி. டிக்கெட் எடுக்குமுன் அவரிடம் சொல்லுங்கள். எப்படிச் சொல்வதென்று தயக்கமாயிருந்தால் என்னை அழையுங்கள், நானும் வந்து உட்காருகிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியும் பயாப்சி ரிப்போர்ட்டும் தொலைந்துபோனவர்கள், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பாவது பழைய ஓ.பி. சீட்டோடு நம் பதிவேட்டு அறைக்கு வாருங்கள். நகல் தேடித் தருவார்கள். படிவம் நிரப்ப உதவி வேண்டுமானால் மாலை நாலு மணிக்கு மேல் என் அறையில் இருப்பேன். எழுத்து மிகவும் பொடி. கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள்.