நெயில் பாலீஷ் பாகாகிப் போகிறதா? புட்டியை எங்கே வைக்கிறீர்கள்?

‘‘டாக்டர், தீபாவளிக்கு வாங்கின நெயில் பாலீஷ், பொங்கலுக்குள்ளே வெல்லப்பாகு மாதிரி ஆயிடுச்சு. ஃப்ரிட்ஜ்ல வெச்சா கெடாதுங்கறாங்களே, வெக்கலாமா?’’

கேட்டது ஒரு கல்லூரி மாணவி. மூட்டு வலிக்குத் தைலம் வாங்க வந்த பாட்டிக்குத் துணையாக வந்தவள். நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டி முந்திக்கொண்டார்.

‘‘வெச்சுட்டுத்தானே கேக்கறே! நடந்ததையும் டாக்டர்கிட்ட சொல்லு.’’

நடந்தது இதுதான். பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு வாரம். கண்ணில் விடும் சொட்டு மருந்து ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் இருந்திருக்கிறது. பேத்தி தன் நெயில் பாலீஷ் புட்டிகளையும், ஒட்டு நகத்துக்கான பசையையும் அதே தட்டில் வைத்திருக்கிறாள். சாயங்காலம் பாட்டி எடுத்தது பசை! தலையைச் சாய்த்து, கண்ணுக்கு மேலே பிடித்துவிட்டார். ‘‘அத்தை, அது மருந்தில்லே!’’ என்று மருமகள் ஓடிவந்து கையைத் தட்டிவிட, சொட்டு கன்னத்தில் விழுந்து அப்படியே இறுகிவிட்டது. ஒரு விரற்கடை மேலே விழுந்திருந்தால்..?

அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஆயுள் உண்டு

‘சித்த மருத்துவருக்கும் நெயில் பாலீஷுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று சிரிக்காதீர்கள். குணபாடம் படிக்கும்போதே மருந்துகளின் ஆயுளையும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். குடிநீர் என்கிற கஷாயத்துக்கு மூன்று மணி நேரம். சூரணத்துக்கு மூன்று மாதம். எண்ணெய்க்கு ஒரு வருஷம். அதுவும் ஒழுங்காக மூடி, ஒழுங்கான இடத்தில் வைத்தால்தான். நகப்பூச்சும் ஒரு சேர்மானம்தானே? அதற்கும் இதே நியாயம்தான்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது?

நகத்தில் பளபளவென்று படலமாக ஒட்டிக்கொள்வது நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருள். பஞ்சு, மரக்கூழ் போன்றவற்றிலிருந்து செய்வது. ஒரு காலத்தில் கார்களுக்கு அடித்த பெயின்டிலும் இதுதான் இருந்தது. படலம் வெடிக்காமல் வளைந்து கொடுக்க, பல தயாரிப்புகளில் நம் பூஜை அறைக் கற்பூரத்தையே சேர்க்கிறார்கள்! இவற்றோடு நிறத்துக்கான பொடி. இவை எல்லாவற்றையும் கரைத்து வைத்திருப்பது ஈதைல் அசிடேட், பியூட்டைல் அசிடேட் என்ற திரவங்கள்.

பூசியதும் அந்தத் திரவங்கள் காற்றில் பறந்துவிடும், படலம் நகத்தில் தங்கிவிடும். ‘காய்ந்துவிட்டது’ என்கிறோமே, அது இதுதான். சரியாக மூடாத புட்டிக்குள்ளும் இதேதான் நடக்கிறது. பாலீஷ் ஊசிப்போவதில்லை. திரவம் பறந்துபோய்ப் பாகாகிறது. ஆகவே அதற்கு எதிரிகள் இரண்டே பேர்தான். ஒன்று காற்று, இன்னொன்று சூடு.

காற்றை உள்ளே விடாதீர்கள்

* ஃபேனை ஓடவிட்டு, புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து விரலுக்கும் பூசாதீர்கள். ஒரு கைக்குப் பூசியதும் புட்டியை மூடிவிட்டு, அப்புறம் அடுத்த கையை ஆரம்பியுங்கள்.

* புட்டியின் கழுத்தில் வழிந்து காய்ந்த பாலீஷ்தான் மூடியைச் சரியாக உட்கார விடாமல் செய்கிறது. பாட்டிலைக் குறைசொல்லிப் பயனில்லை. பூசி முடித்ததும் ரிமூவரில் நனைத்த துணியால் கழுத்தையும் மூடியின் உள்பக்கத்தையும் துடைத்துவிட்டு, இறுக்கி மூடுங்கள்.

* புட்டியை நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் பாலீஷ் கழுத்துக்கு வந்து மூடியை ஒட்டிவிடும். அப்படி ஒட்டிக்கொண்டால் பல்லால் கடித்துத் திறக்க வேண்டாம். ஒரு டம்ளர் வெந்நீரில் மூடிப் பக்கத்தை மட்டும் ஒரு நிமிஷம் அமிழ்த்தி, மூடியில் ரப்பர் பேண்டைச் சுற்றித் திருகுங்கள். இதை அடுப்புக்குப் பக்கத்தில் நின்று செய்யாதீர்கள்.

* நிறப்பொடி அடியில் தங்கினால் பயப்பட வேண்டாம். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் புட்டியை வைத்து உருட்டினாலே கலந்துவிடும். ‘கடகட’வென்று குலுக்கினால் குமிழிகள் வரும்.

சூட்டை அண்ட விடாதீர்கள்

ஜன்னல் விளிம்பு, வெயில் விழும் டிரெஸ்ஸிங் டேபிள், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உள்ள பரண், ஸ்கூட்டர் பெட்டி இதெல்லாம் வேண்டாம். பீரோவின் கீழ்த்தட்டில், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் புட்டிகளை நிற்க வைத்து மூடிவிடுங்கள். இருட்டாகவும் இருக்கும், குளுமையாகவும் இருக்கும். நிறமும் வெளுக்காது. வீட்டில் குழந்தை இருந்தால் கீழ்த்தட்டு கூடாது. பூட்டுகிற தட்டுக்கு மாற்றுங்கள்.

‘அப்போ ஃப்ரிட்ஜ்?’ என்பீர்கள். அவசியமே இல்லை. இந்தத் திரவங்களின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். ஈதைல் அசிடேட் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே, மைனஸ் 4 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடக்கூடியது. மூடி கசிந்தால் அந்த ஆவி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே தங்கும். சாப்பிடும் பொருளிலும் வாடை ஏறும். எல்லாவற்றுக்கும் மேலே, ஃப்ரிட்ஜில் இருந்தால் அது சாப்பிடுகிற பொருள் அல்லது மருந்து என்றுதானே வீட்டில் எல்லோரும் நினைக்கிறோம்? பாட்டியின் மேல் என்ன தப்பு!

அதே காரணத்துக்காக, சமையலறையிலும் சாமி விளக்குக்குப் பக்கத்திலும் உட்கார்ந்து பாலீஷ் பூசாதீர்கள்.

கெட்டியாகிவிட்டால்?

ரிமூவரை ஊற்றி இளக்குவதுதான் நம் வீடுகளில் வழக்கம். ஒருநாள் நன்றாக இருக்கும். அப்புறம் பூசினால் திட்டுத்திட்டாக உரியும். ரிமூவர், படலத்தைக் கலைப்பதற்காகவே செய்தது. தேங்காய் எண்ணெய், சென்ட், பெட்ரோல் எதுவும் ஆகாது. ‘நெயில் பாலீஷ் தின்னர்’ என்றே கடையில் கிடைக்கிறது. புட்டிக்குள் இருக்கும் அதே வகைத் திரவம்தான் அது. இரண்டு மூன்று சொட்டு விட்டு, மூடி, உருட்டுங்கள். போதும்.

லேபிளில் திறந்த டப்பா படம் போட்டு ‘24 எம்’ என்று இருந்தால், திறந்த பிறகு 24 மாதம் வரை பயன்படுத்தலாம் என்று அர்த்தம். திறந்த தேதியை ஒரு சின்னக் காகிதத்தில் எழுதிப் புட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள். தின்னர் விட்டும் நூல் நூலாக இழுத்தாலோ, உருட்டியும் கலக்காமல் பிரிந்தே நின்றாலோ அதன் ஆயுள் முடிந்தது. சிங்க்கில் கொட்ட வேண்டாம். சருகு கொளுத்தும் நெருப்பில் போடவே கூடாது, வெடிக்கும். மூடியபடியே தனியாகக் கட்டி, விஷயத்தைச் சொல்லிக் குப்பை வண்டியில் கொடுங்கள்.

தப்பு நடந்துவிட்டால்...

கண்ணில் பாலீஷோ ரிமூவரோ விழுந்தால், உடனே சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு, கண் மருத்துவரிடம் ஓடுங்கள். பசை விழுந்து இமை ஒட்டிக்கொண்டால் பிய்த்துத் திறக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவியபடியே கிளம்பிவிடுங்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதையும் அந்தக் கண்ணில் விடாதீர்கள். இது கைவைத்தியத்துக்கான நேரமில்லை.

குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது அந்தத் திரவம் நுரையீரலுக்குள் போய்விடும். புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எதைக் குடித்தது என்று டாக்டருக்கு லேபிளே சொல்லும்.

சரி, அந்தப் பெண் என்ன செய்தாள்? அடுத்த தடவை பாட்டியோடு வந்தபோது நானே கேட்டேன். ‘‘எல்லாத்தையும் பிஸ்கட் டப்பால போட்டு பீரோல வெச்சுட்டேன் டாக்டர். மூடி மேலே பெரிசா, ‘மருந்தல்ல’ன்னு எழுதி ஒட்டியிருக்கேன்’’ என்றாள். பாட்டி சிரித்தார்.

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவையும் இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள். சொட்டு மருந்துக்குப் பக்கத்தில் வேறு என்ன நிற்கிறது?

கொசுறு: மருத்துவரிடம் போகும்போது நகப்பூச்சைக் கலைத்துவிட்டுப் போங்கள். எங்கள் எண்வகைத் தேர்வில் ‘நிறம்’ பார்ப்பதும் ஒன்று. சோகை நகத்தில் வெளுப்பாகத் தெரியும். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் கருவிகூட, அடர்நிறப் பூச்சு இருந்தால் தப்பாகக் காட்டலாம்.