ஏழு பேர் வரும் புதன்கிழமை

கேள்வி: ஐயா, நான் ஸ்காபரோவில் முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை செய்கிறேன். எங்கள் சபையின் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு முன்பெல்லாம் முப்பது பேர் வருவார்கள். இப்போது ஏழு பேர்தான். கூட்டத்தை நிறுத்திவிட்டு மண்டப வாடகையை மிஷன் வேலைக்குக் கொடுக்கலாம் என்று கமிட்டியில் பேசுகிறார்கள். 'காசு அனுப்பினால் ஒரு ஊழியரின் அடுப்பு எரியும், ஜெபத்தால் என்ன நடக்கும்?' என்று இளம் ஆட்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. நானே முழங்காலில் நின்றால் தூங்கிவிடுகிறேன்.
– பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்: சகோதரி, உங்களை அதிகம் வாட்டுவது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். விடிய விடிய முதியவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, உடுப்பு மாற்றிவிட்டு வரும் உடம்பு, கண்ணை மூடினால் தூங்கத்தான் செய்யும். கெத்செமனேயில் பேதுருவும் தூங்கினான். ஆண்டவர் அவனை எழுப்பினார், துரத்திவிடவில்லை. முழங்காலில் நிற்க முடியாவிட்டால் நிற்க வேண்டாம். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, அந்த இரவு நீங்கள் கைபிடித்து நடத்தியவர்களை ஸ்டொப்புக்கு ஒருவராக ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டு வாருங்கள். இறங்கும் இடம் வரும்வரை அதுவே போதும். அதுவும் முழு ஜெபம்தான்.

இனி கமிட்டிக்கு வருவோம். மத்தேயு 9ஆம் அதிகாரத்தின் முடிவில், அறுவடைக்கு ஆட்களை அனுப்பும்படி வேண்டிக்கொள்ளுங்கள் என்று இயேசு சீடர்களிடம் சொல்கிறார். அடுத்த அதிகாரம் தொடங்கியதும் அதே சீடர்களைத்தான் அனுப்புகிறார். வேறு யாரையோ அனுப்பச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கியவர்கள் தாங்களே புறப்பட வேண்டியதாயிற்று. ஜெபமா வேலையா என்று பிரித்துக் கேட்பவர்கள் இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இது எங்கள் தமிழ்ச் சனத்தின் கதையிலும் நடந்தது. 1902இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் வந்தார். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், அப்போது ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தார். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் கடல் தாண்டித் தமிழ்நாட்டுத் தொண்டிப் பக்கம் ஊழியத்துக்கு ஆள் அனுப்பியிருப்பதை அங்கே கண்டார். வெள்ளைக்காரர் கொண்டுவந்த சுவிசேஷத்தை வாங்கி வைத்திருக்கும் சபை என்றுதான் தன் சபையை அவர் அதுவரை எண்ணியிருந்தார். தங்களுடையதை விடச் சிறிய ஒரு சபை இன்னொரு கரைக்காக ஜெபித்துச் செலவழிப்பதைக் கண்டதும் அவருக்குக் குத்தியது. அடுத்த ஆண்டு, 1903 பெப்ரவரி 12இல், இந்திய மிஷனெரி சங்கம் திருநெல்வேலியில் பிறந்தது. தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் அதன் வயலாயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, 1909இல், ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டு அசரியாவே தோர்ணக்கலுக்குப் போனார். மத்தேயுவின் 10ஆம் அதிகாரம் அவருக்கும் வந்து சேர்ந்தது. 1912இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். ஸ்காபரோ நிலக்கீழ் மண்டபங்களில் கூடும் நாங்கள், அவருக்கு வழிகாட்டிய யாழ்ப்பாணத்தாரின் பேரப்பிள்ளைகள்.

நண்பர் சுவிசேஷ ஜெபக்குழுவை உங்கள் கமிட்டியில் பலருக்குத் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டு வாலிபர்கள் 1959இல் ஜெபக்குழுக்களாகத்தான் தொடங்கினார்கள். முதல் மிஷனெரி பெரியமலைக்குப் போனது 1967இல். இடையில் எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளில் என்ன பலன் என்று யாராவது கணக்குக் கேட்டிருந்தால் காட்ட ஒன்றும் இருந்திராது.

ரொறன்ரோவிலும் இப்படி ஒரு கதை உண்டு. இங்குள்ள நொக்ஸ் கல்லூரியில் படித்த ஜோனதன் கோபோர்த் என்ற ஒன்ராறியோ விவசாயி மகன், மாணவனாக இருந்தபோதே இந்த நகரத்தின் சேரிகளிலும் டொன் சிறையிலும் ஊழியம் செய்தவர். 1888இல் மனைவி ரோசலிண்டுடன் சீனாவுக்குப் போனார். தாங்கள் பல ஆண்டுகள் முயன்றும் எளிதில் நுழைய முடியாத ஹோனான் மாகாணத்துக்குள் போக வேண்டுமென்றால் முழங்காலில்தான் போக வேண்டும் என்று, சீனாவில் அவருக்கு முன்பே ஊழியம் செய்துவந்த ஹட்சன் டெய்லர் அவருக்கு எழுதினார். ஜெபத்துக்குக் கிடைத்த பதில்களைப் பற்றி ரோசலிண்ட் 1921இல் ஒரு புத்தகமே எழுதினார். பதினொரு பிள்ளைகளில் ஐந்து பேரைப் பறிகொடுத்த தாய் அவர். கேட்டதெல்லாம் கிடைத்த ஒருவர் எழுதிய புத்தகம் அல்ல அது. அதனால்தான் அவர் சொல்வதை நான் நம்புகிறேன்.

ஆனாலும் உங்கள் இளம் ஆட்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் எங்கள் விசா, எங்கள் வீட்டுக் கடன், எங்கள் பிள்ளையின் பரீட்சை. கடைசியில், 'உலகமெங்கும் உள்ள ஊழியர்களை ஆசீர்வதியும்' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். பெயரில்லாமல், ஊரில்லாமல் ஜெபித்தால் நெஞ்சில் எதுவும் தங்காது.

பெயர் சொல்லி ஜெபிப்பதை நான் என் அம்மாவிடம் கண்டேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில் அம்மா வேதத்தை வாசிப்பார். வாசித்து முடிந்ததும் ஊதி அணைத்துவிடுவார், ஜெபத்துக்கு வெளிச்சம் தேவையில்லை என்பார். பிறகு இருட்டில் ஒவ்வொரு பெயராக வரும்: ஒழுங்கையின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை, சண்டை பிடித்துக் கதையாமல் இருந்த வீடு உட்பட. அந்த வீட்டுப் பெயரை மட்டும் நிறுத்தி, மெதுவாகச் சொல்வார். ஒரு வருசப் பெருநாளுக்கு அம்மா பலகாரத் தட்டோடு அந்தப் படலையைத் திறந்துகொண்டு போனதை நான் பார்த்தேன். இரவு இரவாக அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் அவருக்குக் கால் வந்தது.

ஆகவே நீங்கள் ஏழு பேரும் இப்படிச் செய்து பாருங்கள். உங்கள் சபை தாங்கும் ஊழியர் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் எழுதி, அவர் போகும் கிராமங்களின் பெயர்களையும், அங்கே யாருக்குக் காய்ச்சல், யார் கதவைச் சாத்தினார்கள் என்பதையும் கேளுங்கள். ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் உங்கள் அடுக்குமாடியில் இருப்பவர்கள். வாடகை கட்ட முடியாதவர் அதில் இருந்தால், அவருக்காக ஜெபித்த கையோடு அரிசி மூட்டையையும் கொண்டுபோய்க் கொடுங்கள். யாக்கோபு தன் நிருபத்தில் அதைக் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறார். கேள்வி கேட்கும் இளம் ஆட்களில் ஒருவரிடம் அந்தக் கொப்பியை ஒரு மாதம் ஒப்படையுங்கள்.

மண்டபத்தைப் பற்றிக் கமிட்டியோடு வாதாட வேண்டாம். ஏழு பேருக்கு ஒரு வீட்டு ஹோல் போதும். வாடகைக் காசைத் தாராளமாக மிஷனுக்குக் கொடுக்கட்டும். புதன்கிழமையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வேலை இல்லாத புதனில் நீங்களும் போங்கள். கண் சொருகினால் பக்கத்தில் இருப்பவர் உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொள்வார்.