எறும்பு ஊரக் கல்லும் தேயும்: கழுகுமலையும் திருச்செந்தூரும் சொல்லும் கல் பாடம்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

நம்ம வாசுதேவநல்லூர், சிவகிரி, புளியங்குடி பக்கத்து ஆட்களுக்கு இரண்டு தலங்கள் ரொம்ப நெருக்கம். ஒண்ணு, சங்கரன்கோவில் தாண்டிக் கிழக்கே இருக்கிற கழுகுமலை. இன்னொண்ணு, மாலை போட்டுப் பாதயாத்திரை போற திருச்செந்தூர்.

கழுகுமலைக் குன்றில் பாண்டியர் காலத்தில், 8-ஆம் நூற்றாண்டில் குடைந்த வேட்டுவன் கோவில் இருக்கு. 1,200 வருஷ வெயிலும் மழையும் பார்த்த பிறகும் அந்தச் சிற்பங்களின் சிரிப்பு தெரியுது. திருச்செந்தூர்க் கோயிலோ கடல் காற்றில் சிதைஞ்சு போய், அதன் பெரும்பகுதியைத் திரும்பக் கட்ட வேண்டியதாச்சு. அந்தத் திருப்பணி முடிஞ்சு குடமுழுக்கு நடந்தது 1941-இல் தான்.

இரண்டும் முருகன் தலம். இரண்டும் பாண்டிய நாடு. இரண்டும் கல். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? இது தெரிஞ்சா நாம உழவாரப்பணிக்குப் போகும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாதுன்னும் தெரிஞ்சிடும்.

1. கடினம் வேற, உறுதி வேற

முதல்ல ஒரு அளவுகோல். 1812-இல் பிரெடரிக் மோஸ் என்ற கனிம அறிஞர் கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். விதி ரொம்ப எளிது. எது எதைக் கீறுதோ அது கடினமானது. வைரம் 10. மாக்கல்லில் இருக்கிற டால்க் 1. நம்ம நகம் சுமார் 2.5. சுண்ணாம்புக்கல், பளிங்கு இரண்டிலும் இருக்கிற கால்சைட் 3. வீட்டுக் கத்தி சுமார் 5.5. கருங்கல்லில் இருக்கிற ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7.

அப்போ கத்தியால பளிங்கைக் கீறலாம், கருங்கல்லைக் கீற முடியாது. (சோதிச்சுப் பார்க்கணும்னா ரோட்டோரக் கல்லுல பாருங்க. கோயில் கல்லுல வேண்டாம்!)

ஆனா இந்த எண் சொல்றது கீறலை மட்டும் தான். ஒரு கல் எவ்வளவு காலம் நிக்கும்னு தெரியணும்னா இன்னும் மூணு கேள்வி கேட்கணும். தண்ணியை எவ்வளவு குடிக்கும்? புளிப்பைத் தாங்குமா? சூட்டைத் தாங்குமா? ஒவ்வொரு கல்லுக்கும் எதிரி வேற வேற.

2. கருங்கல்: பூட்டிக்கிட்டு நிக்கிற படிகங்கள்

நாம பொதுவா 'கருங்கல்'னு சொல்றதுல கிரானைட், நைஸ், சார்னோகைட்னு பல வகை அடங்கும். நமக்கு மேற்கே நிக்கிற மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் சார்னோகைட்டும் நைஸும் நிறைய. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான பாறை. வயசு 50 கோடி வருஷத்துக்கும் மேல.

'சார்னோகைட்' பேருக்கே ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லை 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் ஆராய்ந்தார். அது சென்னைப் பக்கத்துப் பாறைன்னு தெரிஞ்சது. கல்லறையில் இருந்தவர் பேரையே அந்தப் பாறை வகைக்கு வைச்சுட்டாங்க.

கருங்கல்லின் பலம் எதுல? படிகங்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கைகோத்து வளர்ந்திருக்கும். நடுவுல பசை கிடையாது, இடைவெளியும் ரொம்பக் கம்மி. கட்டடக் கல்லுக்கான அமெரிக்க ஏஎஸ்டிஎம் தரநிலைப்படி கிரானைட் தன் எடையில் 0.4 சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாது. மணற்கல்லுக்கு 8 சதவீதம் வரை விட்டுக் கொடுக்கிறாங்க. 20 மடங்கு!

ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் இரும்பை விடக் கடினம்னா பாண்டியச் சிற்பி எப்படிக் குடைஞ்சார்? உளி கருங்கல்லை வெட்டுறது இல்லை. ஒவ்வொரு அடியும் கொஞ்சம் படிகத்தை நொறுக்கித் தெறிக்க விடும், அவ்வளவுதான். உளி முனை சீக்கிரம் மழுங்கிடும். கொல்லர் அதை உலையில் காய்ச்சி, அடிச்சு, தோய்ச்சல் கொடுத்து மறுபடி கூராக்கணும். கோடி அடிகள்ல உருவானது வேட்டுவன் கோவில். மேல இருந்து கீழ குடைஞ்சுகிட்டே வந்து பாதியில் நின்னு போச்சு. மேல் பாகம் முழுசா முடிஞ்சிருக்கு, கீழ் பாகம் பாறையாவே இருக்கு. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தியின் கருவறையும் அதே மலையைக் குடைஞ்சது தான்.

ஸ்தபதிகள் கல்லைத் தட்டி ஒலி கேட்டுத் தேர்ந்தெடுப்பாங்க. கணீர்னு மணி மாதிரி ஒலிச்சா மூலவருக்கு ஆகும். மொத்தையா ஒலிச்சா சிலைக்கு ஆகாது. உள்ளே விரிசல் இருந்தா ஒலி அலை அங்கேயே சிதறிடும் என்பது இயற்பியல். இன்னைக்கு கான்கிரீட் தூணில் மீயொலி அனுப்பி விரிசல் தேடுறாங்களே, அதுவும் இதே யோசனைதான்.

3. மணற்கல்: திருச்செந்தூரில் நடந்தது

கோவில்பட்டி கடலை மிட்டாய் சாப்பிட்டிருப்பீங்க. கடலை ஒவ்வொண்ணும் கெட்டி. ஆனா அதைச் சேர்த்துப் பிடிச்சிருக்கிறது பாகு. ஈரக் காத்துல திறந்து வைச்சா பாகு இளகி மிட்டாய் உதிர்ந்திடும். கடலைக்கு ஒண்ணும் ஆகாது.

மணற்கல் அப்படித்தான். மணல் துகள் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது 7. கருங்கல்லுக்குச் சமமான கடினம்! ஆனா துகள்களை ஒட்டி வைச்சிருக்கிற பசை சுண்ணாம்பு மாதிரி பலவீனமானதா இருந்தா, கல்லோட ஆயுள் அந்தப் பசையோட ஆயுள் தான்.

திருச்செந்தூர்க் கடற்கரையில் மணற்கல் அங்கேயே கிடைக்கும். வள்ளி குகை கூட மணற்பாறையில் அமைஞ்சது தான். பழைய கோயிலையும் கையருகே கிடைச்ச அந்தக் கல்லால் கட்டியிருந்தாங்க. கடல் காற்று உப்பு ஈரத்தைக் கொண்டு வந்து கல்லோட துளைகளுக்குள்ள விடும். பகல் வெயில்ல தண்ணி காய்ஞ்சு உப்பு படிகமாகும். படிகம் வளரும்போது துளைச் சுவரைத் தள்ளும். மறுநாள் மறுபடி ஈரம், மறுபடி படிகம். இப்படித் தினம் கொஞ்சம் மாவு மாவா உதிரும். அலை வந்து மோதவே வேண்டாம், காத்தே போதும்.

சிதைஞ்ச கோயிலைப் பார்த்து மனசு பொறுக்காம மௌன சுவாமி, காசி சுவாமி, ஆறுமுக சுவாமி ஆகிய துறவிகள் ஒருவர் பின் ஒருவரா திருப்பணியை எடுத்துச் செஞ்சாங்க. ராஜாவும் இல்லை, கஜானாவும் இல்லை. பக்தர்கள் கொடுத்த காணிக்கை தான் மூலதனம். கடற்கரையில் கிடைக்காத கருங்கல்லை உள்நாட்டில் இருந்து கொண்டு வந்து, பல பத்து வருஷம் வேலை நடந்து, 1941-இல் குடமுழுக்கு ஆச்சு. நாம இன்னைக்குச் சுத்தி வர்ற கருங்கல் பிராகாரம் அவங்க கொடுத்தது. அடுத்த முறை போகும்போது நாழிக்கிணற்றோட திரும்பிடாம, மூவர் சமாதியிலும் ஒரு நிமிஷம் நின்னுட்டு வாங்க.

4. பளிங்கு: அபிஷேகத்துக்கு ஏன் சரிப்படாது?

'வடநாட்டுல வெள்ளைப் பளிங்குல அழகா சாமி இருக்கே, நம்ம ஊர்ல ஏன் கறுப்புக் கல்?' நிறைய பேர் கேட்கிற கேள்வி.

பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே கால்சியம் கார்பனேட் தான். நெல்லை பக்கம் தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்ததே அங்கே சுண்ணாம்புக்கல் இருந்ததால தான். இந்தக் கல்லுக்கு எதிரி புளிப்பு. ஒரு சின்ன மார்பிள் துண்டுல எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்க, மெதுவா நுரை கிளம்பும், பளபளப்பு போயிடும். நம்ம அபிஷேகத்துல தயிர் உண்டு, எலுமிச்சைச் சாறு உண்டு, பஞ்சாமிர்தம் உண்டு. தினமும் இதைப் பளிங்குக்கு ஊத்தினா கண்ணும் மூக்கும் சில தலைமுறையில் மழுங்கிடும். கருங்கல்லின் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் இந்தப் புளிப்பை லேசில் சட்டை பண்ணாது. வழிபாட்டு முறையும் கல்லும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தி வந்திருக்கு.

(பழனி நவபாஷாணம் கல் இல்லை. அதன் கதை தனி, அதை இதோட சேர்த்துக் குழப்பிக்க வேண்டாம்.)

5. கருங்கல்லுக்கும் எதிரி உண்டு

சூடு! குவார்ட்ஸ் ஒரு அளவில் விரியும், ஃபெல்ட்ஸ்பார் வேற அளவில் விரியும். நெருப்பு பட்டா கைகோத்து நிக்கிற படிகங்களே ஒண்ணையொண்ணு பிரிச்சுத் தள்ளும், தூண் பொரிஞ்சு செதில் செதிலா உரியும். 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் நடந்த தீ விபத்தில் கருங்கல் தூண்கள் எப்படி வெடிச்சுப் போச்சுன்னு படங்கள் பார்த்திருப்பீங்க.

இப்போ மாக்கல்லைப் பாருங்க. நகத்தாலேயே கீறலாம். ஆனா அதுல செஞ்ச கல்சட்டி, பழக்கி எடுத்தா, பாட்டி காலத்துல இருந்து அடுப்புல உக்காந்து இன்னும் புளிக்குழம்பு கொதிக்கும். மென்மையான கல் தாங்குற நெருப்பைக் கடினமான கல் தாங்கலை. கடினம் வேற, உறுதி வேறன்னு முதல்ல சொன்னது இதைத்தான்.

6. உழவாரப்பணிக்குப் போறவங்க கவனிக்க

நல்ல மனசோட போய், தெரியாம கெடுத்துட்டு வந்திடக் கூடாது. அதனால:

மணல் வீச்சு (சாண்ட் பிளாஸ்டிங்) கூடவே கூடாது. மணல் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, மைக்கா சுமார் 3. வேகமா வீசுற மணல் முதல்ல மைக்காவைப் பிடுங்கும், அப்புறம் ஃபெல்ட்ஸ்பாரை அரிக்கும். தூண் 'புதுசு' மாதிரி வெளுத்துடும், ஆனா கல்வெட்டு எழுத்தின் விளிம்பு போயிடும். சொரசொரப்பான கல்லுல எண்ணெயும் அழுக்கும் முன்னைவிட வேகமா ஏறும். தமிழ்நாட்டுக் கோயில்களில் இதுக்குத் தடையே இருக்கு. யாராவது 'சீக்கிரம் முடிஞ்சிடும்'னு சொன்னா மரியாதையா மறுத்திடுங்க.

பாத்ரூம் ஆசிட் வேண்டாம். கல் இடுக்குச் சுண்ணாம்புக் காரையை அது கரைக்கும். கல்லில் இருக்கிற இரும்புச் சத்து வெளிய வந்து மஞ்சள் கறை விழும்.

இரும்பு பிரஷ் வேண்டாம். கல்லுல ஒட்டுற இரும்புத் துகள் அப்புறம் துருப்பிடிக்கும். வெந்நீர், தேங்காய் நார், பொறுமை, இந்த மூணும் போதும்.

பழைய சுண்ணாம்புக் காரை இருந்த இடத்துல சிமெண்ட் அடைக்காதீங்க. உள்ளே போன தண்ணி வெளிய வர வழியில்லாம உப்போட சேர்ந்து கல்லைத் தின்னும். திருச்செந்தூர்ல காத்து செஞ்ச வேலையை இங்கே நாமளே செஞ்ச மாதிரி ஆயிடும்.

தூண், சிற்பம் மேல கற்பூரமோ அகலோ வைக்காதீங்க. விளக்குக்குன்னு இருக்கிற இடத்துல மட்டும் ஏத்துங்க.

எதுவா இருந்தாலும் முதல்ல அர்ச்சகர்கிட்டயும் கோயில் நிர்வாகத்துகிட்டயும் கேளுங்க. எழுத்து தெரியுற கல் எதையும் தொடுறதுக்கு முன்னாடி படம் எடுத்து வைங்க.

'எறும்பு ஊரக் கல்லும் தேயும்'னு பெரியவங்க சொல்வாங்க. எறும்புக்கு ஆயிரம் வருஷம் வேணும். மணல் வீசுற மெஷினுக்குப் பத்து நிமிஷம் போதும். கழுகுமலையைக் குடைஞ்ச சிற்பி யாருன்னு நமக்குப் பேர் தெரியாது. அவர் விட்டுட்டுப் போன ஒவ்வொரு உளித்தடமும் அவரோட கையெழுத்து. அதை அழிக்காம அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறதும் முருகனுக்குச் செய்யுற தொண்டு தான்.

உங்க ஊர் உழவாரப்பணிக் குழுவுல இதைப் பகிருங்க, அடுத்த பணிக்கு முன்னாடி ஒரு தடவை எல்லாரும் படிக்கட்டும்.

கந்தனுக்கு அரோகரா! கழுகாசலமூர்த்திக்கு அரோகரா!