சண்டிகரும் அதன் பள்ளிக்கூடங்களும்

நம் பல்கலைக்கழகம் அமைந்துள்ள சண்டிகர், பள்ளிக்கூடத்தை மனத்தில் வைத்து வரையப்பட்ட நகரம் என்றால் நண்பர்களுள் சிலர் வியப்படையக்கூடும். வெளிநாட்டார் இங்கு வருவது சட்டசபை மாளிகையையும் உயர்நீதிமன்றத்தையும் காண்பதற்கே. ஆயினும் இந்நகரின் உயிர்நிலை அவற்றில் இல்லை, செக்டார்களில் இருக்கிறது. 1929-ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் பெர்ரி என்ற அமெரிக்கர் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போதுமான பிள்ளைகள் எத்தனை குடும்பங்களில் இருப்பரோ, அத்தனை குடும்பங்களே ஒரு குடியிருப்புக்கு உரிய அளவு என்பது அவர் போட்ட கணக்கு. சண்டிகருக்கு முதலில் படம் வரைந்த ஆல்பர்ட் மேயரும், 1951-இல் அப்பொறுப்பை ஏற்ற லெ கொர்புசியேயும் இவ்வகை எண்ணத்தையே தத்தம் வழியில் கையாண்டனர். ஒரு செக்டார் 1200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் உடையது. விரைந்து செல்லும் வண்டிகள் அதனைச் சுற்றியே ஓடும். உள்ளே நடுவில் நீண்டு செல்லும் புல்வெளியில் பள்ளிகள் அமையும். ஆறு வயதுக் குழந்தை பெருஞ்சாலை எதனையும் கடக்காமல் நடந்தே பள்ளிக்குப் போய்விடலாம். இதனினும் இனிய எண்ணம் ஒன்றை நகரமைப்பு நூல்களில் நான் கண்டதில்லை. (நான் படித்தவை இரண்டே நூல்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஆனால் படம் வரையப்பட்டது ஐந்து லட்சம் மக்களுக்கு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கு வாழ்ந்தோர் 10,55,450 பேர். எஞ்சியவர்களுள் பலர் புரைல், அட்டாவா போன்ற பழைய கிராமங்களிலும், தனாஸ், மௌலி ஜாக்ரான், ராம் தர்பார் முதலிய காலனிகளிலும் வாழ்கின்றனர். நகரைக் கட்டிய கூலியாட்களுக்குப் படத்தில் இடம் இல்லாமற் போயிற்று. பள்ளிகள் அங்கும் பின்னர் வந்தன, மறுப்பதற்கில்லை. எனினும் பிள்ளைகளின் தொகை கட்டடத்தை முந்திக்கொண்டே ஓடுகிறது. சில பள்ளிகள் காலை, மாலை என்று இரண்டு ஷிப்டுகளாக நடைபெறுவது இதனாலேயே.

மத்தியக் கல்வி அமைச்சகம் மாநிலங்களின் பள்ளிக் கல்விக்கு மதிப்பெண் இட்டு வருகிறது. 2023-24-ஆம் ஆண்டுக்கான வரிசையில் சண்டிகர் 1000-க்கு 703 பெற்று முதலிடத்தில் நின்றது. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆனால் 114 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு நகரை உத்தரப் பிரதேசத்தோடு ஒரே தராசில் வைப்பது ஒருபுறம் இருக்கட்டும். சராசரியை மட்டும் தந்து விலக்கத்தைத் தராத ஆய்வேட்டை நம் பேராசிரியர் எவரேனும் ஏற்றுக்கொள்வாரா? ஒரு தாய் தன் மகளைச் சேர்ப்பது சராசரிப் பள்ளியில் அன்று. குறிப்பிட்ட ஒரு தெருவில், குறிப்பிட்ட ஓர் ஆசிரியை நிற்கும் வகுப்பறையில்.

இக்கேள்வி என்னிடம் வந்தது சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். எங்கள் விடுதிக்கு அருகில் வீட்டு வேலை செய்யும் ஓர் அக்கா, விழுப்புரம் பக்கத்தவர், ஊரில் பாட்டியிடம் வளர்ந்த மகளை இங்கு அழைத்து வந்துவிட்டார். பெண் நாலாம் வகுப்பு. “தம்பி, நீங்க படிச்சவங்க. எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கலாம்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். படித்தவன் என்ற பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் கல்வி உரிமைச் சட்டத்தை முதன்முறையாக முழுதும் படித்தேன்.

கேந்திரிய வித்யாலயத்தில் மாற்றலாகும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 விழுக்காடு இடம் உண்டு; ஆனால் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அதனைத் தொடக்க வகுப்புச் சேர்க்கைக்கே சொல்கிறது. நாலாம் வகுப்புப் பெண்ணுக்கு அந்தக் கதவு திறக்காது. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளை 2014-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு சட்டத்துக்கே வெளியில் வைத்துவிட்டது. எஞ்சியவை இரண்டு. ஒன்று அரசாங்கப் பள்ளி. மற்றொன்று, காலனித் தெருவில் மூன்று அறைகளில் ‘இங்கிலீஷ் மீடியம்’ என்ற பலகையுடன் நடக்கும் பள்ளி.

அக்காவின் மனம் இரண்டாவதில் இருந்தது. “காசு கட்டுனாத்தான் தம்பி கவனிச்சுச் சொல்லிக் குடுப்பாங்க” என்றார். இந்த எண்ணத்தை நாம் எள்ளிவிடலாகாது. இலவசமாகக் கிடைத்ததெல்லாம் அவருக்கு எப்படிக் கிடைத்திருக்கிறது என்பதை அவர்தாம் அறிவார். நான் அவரிடம் எடுத்துச் சொன்னது ஒரே செய்தி. 2023-இல் இந்நகர நிர்வாகம், அரசாங்கப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு இடங்களுள் 85 விழுக்காட்டைச் சண்டிகர் அரசாங்கப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கென ஒதுக்கிவிட்டது. 16, 35 ஆகிய செக்டார்களின் மேனிலைப் பள்ளிகளில் அறிவியல் பிரிவு வேண்டுமாயின், இன்று பலகையைப் பார்த்துப் பணம் கட்டுவது ஏழாண்டுக்குப் பின் வழியை அடைத்துக்கொள்வதாகும்.

அந்தப் பெயர்பெற்ற பள்ளிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பற்றியும் ஒரு சொல். பதினொன்றாம் வகுப்புக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரிசைப்படியே இடம் தருகிறார்கள். நல்ல மதிப்பெண் பெற்றவரெல்லாம் ஓரிடத்தில் கூடினால் அங்கே தேர்ச்சியும் கூடும். அது பள்ளியின் ஆற்றலா, வந்து சேர்ந்தவரின் ஆற்றலா என்பதை அந்த எண் பிரித்துக் காட்டாது. பாலில் எவ்வளவு வெண்ணெய் இருந்தது என்று தெரியாமல் மத்தைப் புகழ்வதுபோலாகும் இது.

ஆகவே நாங்கள் வேறு சிலவற்றைப் பார்த்தோம். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூவர், 120 வரை நால்வர், 200 வரை ஐவர், அதற்கு மேற்பட்டால் ஆசிரியர் ஒருவருக்கு 40 பிள்ளைகளுக்கு மிகாமல் என்பது சட்டத்தின் அட்டவணை. ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும்; அதாவது நாளொன்றுக்கு நான்கு மணி. எனவே இரண்டு ஷிப்டு என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. மணி அடிப்பதற்கும் பாடம் தொடங்குவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் கழிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாயிலில் அரைமணி நின்றால் அது தெரிந்துவிடும். பயிற்றுமொழி யாது என்பதையும் கேட்டறிதல் நலம்.

இரண்டு அரசாங்கப் பள்ளிகளைப் பார்த்தோம். ஒன்றில் நாலாம் வகுப்பில் ஓர் ஆசிரியைக்கு 52 பிள்ளைகள். மற்றொன்றில் 38, ஆனால் அது இரண்டு கிலோமீட்டர் தள்ளி, இரட்டைச் சாலை ஒன்றைக் கடந்து. அக்கா காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவர். குழந்தையைக் கைப்பிடித்துச் சாலை கடத்த ஆளில்லை. கொர்புசியே எந்தச் சாலையைக் குழந்தை கடக்கக்கூடாது என்று எண்ணினாரோ, அந்தச் சாலையே எங்களுக்காக முடிவு செய்துவிட்டது. 52 பேர் உள்ள பள்ளிக்கே போனோம்.

அங்கே முதல் நாள் எழுத்தர் சேர்க்க மறுத்துவிட்டார். ஊர்ப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரவில்லை. வயதுச் சான்றும் இல்லை. ஆண்டு பாதி ஆகிவிட்டது. மூன்று காரணங்களும் சட்டப்படி செல்லாதவை. அரசாங்கப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கலாகாது என்கிறது 5-ஆம் பிரிவு. வயதுச் சான்றின்மையை 14-ஆம் பிரிவும், காலங்கடந்து வருவதை 15-ஆம் பிரிவும் பார்த்துக்கொள்கின்றன. மறுநாள் அந்தப் பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு தலைமையாசிரியையைப் பார்த்தேன். அவர் பொறுமையாகப் படித்தார், குழந்தைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார், பெயரை எழுதிக்கொண்டார். சண்டை போட ஆயத்தமாகப் போன எனக்குச் சிறிது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சட்டம் தீர்க்காத ஒன்று எஞ்சியது. அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு, 1956-இல் சேர்க்கப்பட்டது, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழி வழியே கற்க வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. 52 பேருள் ஒருத்தி தமிழ் பேசினால் எந்த மாநிலம் என்ன செய்யும்? முதல் மாதத் தேர்வில் அந்தப் பெண் கூட்டல், பெருக்கல் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாள். வாக்கியக் கணக்கு ஐந்தும் வெற்றிடம். ஏன் என்று கேட்டேன். “கணக்கு தெரியும் அண்ணா, கேள்விதான் தெரியல” என்றாள்.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் நானும் என் அறைத்தோழரும் அங்கே போகிறோம். அதே தெருவிலிருந்து வேறு நான்கு தமிழ்ப் பிள்ளைகளும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் இருவர் இந்தியும் அப்பிள்ளைகள் சிரிக்கும் அளவில்தான் இருக்கிறது. சங்க உறுப்பினருள் இந்தியை நன்கு படிக்கவும் எழுதவும் அறிந்த ஒருவர், வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க இயலுமாயின், விடுதியில் என்னைக் காணலாம். சைக்கிள் இருந்தால் நல்லது.