கிரேனை அழிக்கும் காம்பாசிட்டிங் கலைஞர்களுக்கு 8 ஸ்கிரிப்ட் குறிப்புகள்

காட்டுப்பள்ளிக் கரையில் சரித்திரக் கதை ஒன்றைப் படமெடுத்தால், துறைமுகக் கிரேன்களும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் ஷாட்டுக்குள் வந்து நிற்கும். அவற்றை அழிப்பது கண்ணும் கையும் சேர்ந்த வேலை. அதைச் சுற்றியுள்ள எடுபிடி வேலைகளை நியூக் மென்பொருளில் பைத்தானிடம் விட்டுவிடலாம்.

1. எதை ஸ்கிரிப்ட் ஆக்குவது என்று குழப்பமா? ஒரு ஷாட்டுக்குச் செய்வதையெல்லாம் தாளில் எழுதுங்கள். பிளேட்டை ஏற்றுவது, ரைட் நோடு வைப்பது, பெயரிடுவது போல மாறாமல் வருபவை ஸ்கிரிப்டுக்கு. மாஸ்க்கின் விளிம்பும், நீரில் ஆடும் கிரேனின் நிழலும் உங்களுக்கு.

2. நிரல் எழுத வராதவர்கள், திரும்பத் திரும்பப் போடும் நோடுகளைத் தேர்ந்தெடுத்து டூல்செட்டாகச் சேமிக்கலாம். பிறகு மெனுவில் ஒரு கிளிக் போதும்.

3. நோடைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், எழுத்தாக வரும். ஸ்கிரிப்டில் எந்த நாப்பை எந்தப் பெயரால் அழைப்பது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

4. கோப்புப் பெயரில் இடைவெளி வேண்டாம். காட்சி, ஷாட், வெர்ஷன் என்று அடிக்கோட்டால் பிரித்தால் ஸ்கிரிப்ட் எளிதில் படிக்கும். ஃபிரேம் எண்ணை 1001-இல் தொடங்குங்கள்; பின்னால் இயக்குநர் முன்பக்கம் நாலு ஃபிரேம் கூடுதலாகக் கேட்டாலும் எண் மைனஸுக்குப் போகாது.

5. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒரே வீடியோவாக ரெண்டர் செய்தால் பாதியில் நின்றது முழுதும் வீண். இஎக்ஸ்ஆர் தொடராக எடுங்கள். விடுபட்ட எண்களையும் காலியான கோப்புகளையும் ஸ்கிரிப்ட் தேடிப் பிடித்து, அவற்றை மட்டும் மறுபடி ரெண்டர் செய்யட்டும்.

6. வீட்டுக் கணினியில் இரண்டு ரெண்டரை ஒன்றாக ஓட்டினால் இரண்டுமே இழுக்கும். பழவேற்காடு ஏரியில் முறைவைத்து வலை போடும் பாடு வழக்கம்போல, ஷாட்டுகளை ஒரு பேட்ச் கோப்பில் வரிசையாக எழுதி, நியூக்கைத் திறக்காமலே டெர்மினலிலிருந்து ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்.

7. புது ஸ்கிரிப்டை எல்லா ஷாட்டிலும் ஒரேயடியாக ஏவாதீர்கள். ஒரு ஷாட்டின் நகலில் ஓட்டிப் பாருங்கள். மூலப் பிளேட் ஃபோல்டரில் எழுத முடியாதபடி பூட்டி வைத்தால் தவறு நடந்தாலும் சேதம் இல்லை.

8. ஒவ்வொரு ஷாட்டின் முதல், நடு, கடைசி ஃபிரேம்களை ஸ்கிரிப்டே கான்டாக்ட் ஷீட் நோடில் அடுக்கித் தரட்டும். எங்கே கிரேன் தப்பி நிற்கிறது, எங்கே வானத்தின் நிறம் மாறியிருக்கிறது என்று ஒரே பார்வையில் பிடிபடும். ஆனால் ஆடும் விளிம்பு அசையாப் படத்தில் தெரியாது. அனுப்புமுன் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

கற்றுக்கொள்ள நியூக்கின் நான்-கமர்ஷியல் பதிப்பு இலவசம். சம்பள வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. பைத்தான் வசதியுள்ள பிளெண்டருக்கு அந்தத் தடை இல்லை. ஸ்கிரிப்ட் அழகாக இல்லையே என்று கவலைப்படாதீர்கள். நியூக்கே 1993-இல் டிஜிட்டல் டொமைன் ஸ்டுடியோ தன் தேவைக்கு எழுதிக்கொண்ட மென்பொருள்தான். உங்கள் ஸ்கிரிப்டும் உங்கள் வேலைக்கு உதவினால் போதும். அழகாக இருக்க வேண்டியது ஷாட்.