காசநோய்: யாருக்கு வீடு, யாருக்கு வார்டு?

கேள்வி: அரசு மருத்துவமனையில் காசநோய்க்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களே, போதுமா? (வாசகர், உளுந்தூர்பேட்டை)

பதில்: பெரும்பாலோருக்குப் போதும். சானடோரியம் எனப்பட்ட காசநோய் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கும் வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டவர்களுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை 1950களின் இறுதியில் நடந்த சென்னை ஆய்வு காட்டியது. உலகம் சானடோரியங்களைக் கைவிட்டதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு.

வழக்கமான சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பிறகு 4 மாதம் மூன்று. இருமல் நின்றதும் மாத்திரையை விட்டுவிடுவதுதான் வினை. மிஞ்சும் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறக்கூடும்.

ஆனால் சிலரை அப்படி அனுப்பக் கூடாது. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் தொடக்க வாரங்களிலேயே நேர்கிறது. அதற்காகத்தான் தமிழ்நாட்டில் 2022இல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ வந்தது. நோய் உறுதியானதுமே செவிலியரோ சுகாதாரப் பணியாளரோ உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பார்க்கிறார். பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்றும் கவனிக்கிறார். இந்தச் சோதனைக்கு எக்ஸ்ரேகூட வேண்டாம். மிக மெலிந்தவர், மூச்சுத் திணறுபவர், எழுந்து நிற்க இயலாதவர் உள்நோயாளியாகச் சேர்க்கப்படுகிறார். மெலிவு இவற்றில் முக்கிய ஆபத்து; அதனால் உணவும் முக்கியம். சத்துணவுக்கான மத்திய அரசின் மாத உதவித்தொகை 2024 நவம்பரில் ரூ.500லிருந்து ரூ.1,000 ஆனது.